இருநூற்றிருபது மீட்டர்

கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பட்டரியை. திரை கலரா, கறுப்பு வெள்ளையா என்பதெல்லாம் பிறகு. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற சாதாரண பட்டரி இரண்டில் அது ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். அடுத்தது தண்ணீர். மழைக்குத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதும் கடலுக்குள் விழுந்தால் தாங்கும் என்பதும் ஒன்றல்ல. மூன்றாவது பொத்தான்கள். ஈரக் கையால், வலை இழுத்து மரத்துப்போன விரலால் அமுக்கக்கூடியதாக அவை பெரிதாக இருக்க வேண்டும்.

ஐயா, இந்த மாதிரிக் கருவியை ஏன் தெரிவு செய்தீர்கள் என்பதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் தரச் சொன்னீர்கள். கடதாசி நிறையத் தந்திருக்கிறீர்கள். ஆகவே கேட்காததற்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் கருவி நமக்காகச் செய்யப்பட்டதல்ல. கூட வந்த கையேட்டில் ஒரு வெள்ளைக்காரர் முதுகுப்பையோடு மலை ஏறுகிறார். அடுத்த பக்கத்தில் அவரே ஓர் ஏரியில் தூண்டில் போடுகிறார், பக்கத்தில் நாய் படுத்திருக்கிறது. பொழுதுபோக்குக்குக் காட்டுக்குப் போய்த் தொலைந்து போகாமல் வீடு திரும்புவதற்கான சாமான் அது. எங்கள் ஆட்களும் வீடு திரும்பத்தான் வேண்டும் என்று திட்ட முன்மொழிவில் எழுதினேன். கொழும்புத் தலைமையகத்தில் அந்த வரியை எல்லோரும் மெச்சினார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்களும் மெச்சியிருப்பீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். குறிஞ்சாக்கேணியில் எங்கள் ஒழுங்கையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆணிலும் சரி பெண்ணிலும் சரி. புவியியல். பட்டம் எடுத்து வந்தபோது மீனவர் சங்கம் பாராட்டு விழா வைத்தது. சங்கத் தலைவர் ஜெமீல் ஹாஜியார் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியில் பேசினார்.

"அபூதாஹிர் காக்கா இண்டைக்கு இருந்திருந்தா இந்தப் பந்தல் நிறைஞ்சிருக்கும். அவர் போனாலும் நாங்க இரிக்கம். றஹ்மா இந்தச் சங்கத்திட மகள்."

அபூதாஹிர் என் வாப்பா. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், கொட்டியாரக் குடாவில் வலை போட்டுக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். துறைமுகத்தைச் சுற்றித் தடை செய்யப்பட்ட கடலுக்குள் போய்விட்டார் என்றார்கள். 'தானாகப் பிரவேசித்தவர்' என்று கடதாசியில் எழுதித் தந்தார்கள். தடைக்கடலுக்குள் ஆள் தெரிந்தால் காவல் படகு கேள்வி கேட்காது. அது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். வாப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் எனக்குச் செரிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று மூன்று முறை செருமிவிட்டு உள்ளே வருகிற மனிதர் அவர். தன் வீட்டுக்கே அப்படி வந்தவர்.

அந்தப் பொன்னாடையை உம்மா மடித்து அலுமாரியில் வைத்தார். நானும் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

சுனாமி வந்தது. பிறகு நிறுவனங்கள் வந்தன. உங்கள் நிறுவனத்தில் எனக்குக் கள உதவியாளர் வேலை கிடைத்தது. அரசாங்கக் கச்சேரி அலுவலக வாசலில் வேலை கேட்டுக் குந்தியிருந்த பட்டதாரிகளுக்குள் எனக்கு முதலில் கிடைத்ததற்குக் காரணம், ஆங்கிலத்தில் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்ததுதான் என்று நினைக்கிறேன். உப்பேறிய கிணறுகளை வரைபடத்தில் குறிப்பது என் முதல் வேலை. கருவியோடு கிணறு கிணறாகப் போனேன். அது காட்டிய எண்களைக் கொண்டுவந்து, அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். என் பதினெட்டுக் கிணறும் களப்புத் தண்ணீருக்குள் விழுந்தன. அலுவலகத்தில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

பிழை என்னுடையதும் அல்ல, கருவியுடையதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையை அளந்தவர்கள் பூமிக்கு ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அளந்தார்கள். செய்மதி வேறொரு வடிவத்தை வைத்து அளக்கிறது. அதனால் ஒரே எண் பழைய அளவையில் ஓர் இடத்தையும் புதிய அளவையில் இன்னோர் இடத்தையும் காட்டும். எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் இடையில் கிழக்கு மேற்காக இருநூற்றிருபது மீட்டர். கருவியின் அமைப்புப் பக்கத்தில் எந்த அளவை என்று கேட்கிற ஒரு வரி இருக்கிறது. வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்த வரியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். நான் திறந்து பார்த்தேன். அன்றைக்கு அது கிணறுகளுக்காக மட்டும்தான்.

அந்த வருடம் நோன்புக்குச் சில நாள் முன்பு ஹிஸ்புல்லா சாச்சா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவோடு ஒரே தோணியில் போனவர். சுடுபட்ட அன்றைக்கும் கூட இருந்தவர். வாப்பாவின் மையித்தை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் இஞ்சின் ஓட்டிக் கரை சேர்ந்தவர். உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். சாச்சா கதிரையில் உட்காரவில்லை.

"மகள், ஒரு விசயம் ஆறு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. நோன்புக்கு முன்ன செல்லிப்போட வேணும்."

கடலில் கோடு கீற ஏலாது. அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தடைக்கடல் எங்கே தொடங்குகிறது என்று காவல் படகு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போனது. அந்த இடத்தில் சங்கம் ஒரு நீலக் கானை, வெறும் பிளாஸ்டிக் கலனை, மிதக்கவிட்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, மேலே சிவப்புச் சீலை கட்டிவிட்டது. அந்தக் கான்தான் கோடு. கானைத் தாண்டி ஒருவரும் போவதில்லை. காற்றில் அது அறுந்தால் சங்கம் வேறு கட்டும். கடலில் வேறெதையும் நம்பாதவர்கள்கூடக் கானை நம்புவார்கள். அதில்தான் எல்லோருடைய உயிரும் இருந்தது.

வாப்பா மவுத்தான வருடம் கானுக்கு அப்பால் இறால் நிறையக் கண்டதாம். ஜெமீல் ஹாஜியார் சாச்சாவைக் கூட்டிக்கொண்டு போய், கல்லைத் தூக்கிக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். வாப்பாவிடம் அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சம்மதித்திருக்க மாட்டார்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"இருநூறு மீட்டர் வரும். கொஞ்சம் கூடவும் இரிக்கலாம்."

"வாப்பா மவுத்தானதுக்குப் பிறகு ஹாஜியாரிட்ட ஒண்டும் கேக்கலையா?"

"கேட்டன் மகள். 'நாம கானைத்தானே நகத்தின, சுட்டது நாமளா?' எண்டார்."

இவ்வளவு வெட்கமில்லாத ஒரு வசனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு மனிதன் தன் கையால் செய்ததை இன்னொருவன் சுட்ட துவக்குக்குள் ஒளித்துவைத்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சாச்சாவுக்குத் தேநீர் கொடுத்தேன். அவர் அழுதார். அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றேன். இருநூறு மீட்டர், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். எனக்குக் கிணறுகள் ஞாபகம் வந்தன.

மீனவர்களுக்கு ஜி.பி.எஸ். தருகிற திட்டம் என்னுடைய யோசனை. கான் அறுந்து போகும், நகரும். எண் நகராது என்று எழுதினேன். அனுமதி எடுப்பதற்கு நான்கு மாதம் பிடித்தது. எங்கள் அலுவலகத்துக்கும் கச்சேரிக்குமாக நடந்தே ஒரு சோடிச் செருப்பு தேய்ந்தது. தடைக்கடலின் எல்லை ஐந்து புள்ளிகளாக, செய்மதி அளவையில், முத்திரையோடு ஒரு கடதாசியில் வந்தது. அந்தக் கடதாசியின் பிரதி உங்கள் விசாரணைக் கோவையில் இருக்கிறது.

எட்டுக் கருவி வாங்கினோம். முதுகில் நகத்துக்குப் பூசுகிற சிவப்பு கியூடெக்ஸால் இலக்கம் எழுதினேன். ஒன்று தொடக்கம் எட்டு. ஒவ்வொன்றிலும் அந்த ஐந்து புள்ளியையும் நானே ஏற்றினேன். கோட்டுக்குக் கிட்டப் போனால் கூவும்படி செய்தேன். இரண்டு தொடக்கம் எட்டு வரைக்கும் செய்மதி அளவை. ஒன்றாம் இலக்கத்தில் மட்டும் முதலில் அமைப்பைத் திறந்து, பழைய இலங்கை அளவைக்கு மாற்றிவிட்டு, பிறகு அதே எண்களை ஏற்றினேன். கடதாசியில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றுதான். புள்ளிகள் மட்டும் கிழக்கே இருநூற்றிருபது மீட்டர் தள்ளித் தடைக்கடலுக்குள் போயிருந்தன.

ஒன்றாம் இலக்கம் தலைவருக்கு. அது மரியாதை. வேறு இலக்கம் கொடுத்திருந்தால்தான் அவர் ஏன் என்று கேட்டிருப்பார்.

பயிற்சி வகுப்பு மூன்று நாள் நடந்தது. ஹாஜியார் முன் வரிசையில் இருந்து கடதாசியை விரித்து, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துத் திரையோடு ஒப்பிட்டார். கவனமான மனிதர். "பாருங்கடா, ஒரு புள்ளி பிசகல்ல. படிச்ச புள்ளண்டா இப்பிடி இரிக்கணும்" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பிறகு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சமாதான காலம் பெயருக்கு இருந்தது. கடலும் கொந்தளிப்பு. ஹாஜியார் கோட்டுக்குக் கிட்டவே போகவில்லை. வயதாகிவிட்டதாம், பயமாம். அந்தப் பயம் ஆறு வருடத்துக்கு முன் எங்கே இருந்தது என்று யோசித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. ஆனாலும் பொறுத்திருந்தேன். படிக்கிற காலத்தில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வருவார்கள் என்று இருட்டில் பொறுத்திருந்து பழகியவள் நான்.

மாசியில் கடல் அடங்கியது. அதே மாதம் நிலைமை மறுபடி கெட்டது. காவல் படகுகள் கூடின.

மாதம் ஒருமுறை கருவிகளைப் பார்த்துப் பட்டரி மாற்றிக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு விடியற்காலை கரைக்குப் போனபோது ஹாஜியாரின் போட்டில் ஹிஸ்புல்லா சாச்சா இருந்தார். கூட அவருடைய மச்சான் அன்ஸார்.

"ஹாஜியார் வரலையா?"

"கந்தளாய்க்கு நெல்லு வெட்டப் பாக்கப் பெய்த்தார். எண்ட இஞ்சின் இண்டைக்கு ஏலாதாம், பிள்ளைப்பெறுக்கு நிக்கிது" என்று சிரித்தார். "அதுதான் இந்தப் போட்டு. பயமில்ல மகள், உங்கட ஒண்டாம் நம்பர் இரிக்கி."

போட்டில் கட்டியது போட்டுக்கு என்பது எங்கள் கரையின் வழக்கம். யார் ஏறினாலும் அதில் இருக்கிற நங்கூரமும் கருவியும் அவருக்கு. திட்டம் எழுதும்போது இந்த வழக்கத்தை நான் யோசிக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவள் விடக்கூடாத பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சாச்சா கருவியை நீட்டினார். "பட்டரி ஒரு கோடுதான் நிக்கிது, மாத்தித் தாங்க."

நான் யோசித்தேன். ஒரு நிமிடத்துக்குக் கூட இருக்காது, ஆனால் யோசித்தேன் என்பதைப் பதிவு செய்யவேண்டும். கருவி பழுது என்று சொல்லி வாங்கி வைக்கலாம். வைத்தால் ஏன் பழுது, எப்படிப் பழுது என்று கதை எழும்பும். கொழும்பிலிருந்து ஆள் வந்து எட்டையும் திறந்து பார்ப்பார்கள். ஹாஜியார் அதற்குப் பிறகு அதைத் தொடவே மாட்டார். ஒரு வருட வேலை ஒரு நிமிட இரக்கத்தில் போய்விடும். அதோடு, அந்தக் கல்லைத் தூக்கிய கைகளில் இரண்டு சாச்சாவுடையவை. அதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னது.

புதுப் பட்டரி இரண்டு போட்டு, மூடியை இறுக்கிக் கொடுத்தேன். "கவனமாப் போயிட்டு வாங்க சாச்சா" என்றும் சொன்னேன்.

பத்து மணிக்கு வெடிச் சத்தம் கேட்டது. ஹிஸ்புல்லா சாச்சா மவுத்து. அன்ஸாரின் இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஆசுபத்திரியில் அவன் உங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கோட்டுக்கு இன்னம் நூறு மீட்டர் கிடக்கு எண்டு காட்டினது. கூவவே இல்ல." அவன் பொய் சொல்லவில்லை. அப்போது போட்டு கோட்டைத் தாண்டி நூற்றிருபது மீட்டர் உள்ளே நின்றது.

சாச்சாவின் கடதாசியிலும் அதே சொல்லை எழுதினார்கள். தானாகப் பிரவேசித்தவர்.

விசாரிக்க நீங்கள் வந்தீர்கள். போட்டோடு கரை வந்ததையும் சேர்த்து எட்டுக் கருவியையும் மேசையில் அடுக்கி, முத்திரைக் கடதாசியோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டீர்கள். எல்லாம் சரி என்று இரத்தினசிங்கம் எனக் கையெழுத்து வைத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எண்கள் சரிதான். ஒன்றாம் இலக்கத்தைத் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எனக்குத் தந்ததும் நீங்கள்தான்.

கொடுக்கப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தபோது ஜெமீல் ஹாஜியார் எங்கள் வீட்டில் இருந்தார். உம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சாச்சாவின் மையித்தை அடக்கிய நாளிலிருந்து அவர் நித்திரை கொள்ளவில்லையாம். கான் நகர்த்திய கதை முழுவதையும் உம்மாவிடம் சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை, சாச்சாவின் மேலும் போடவில்லை. தாடி நனைந்திருந்தது.

"உம்மு குல்சும், எனக்கு மாப்புத் தா. தராட்டியும் பரவாயில்ல, கேக்காமச் சாக ஏலாது."

உம்மா சீலையை இழுத்துத் தலையில் போட்டார். பிறகு, "தந்திட்டன், எழும்புங்க" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அது உம்மாவின் உரிமை. உம்மா புருசனைப் பறிகொடுத்தவர், தன் பங்கைக் கொடுத்துவிட்டார். என் பங்கை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் வாசலில்தான் நின்றேன்.

ஹாஜியார் என் கையில் கருவியைக் கண்டார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய யோசனை, நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

"மகள், சரியான கோட்டில ஒரு கானைக் கட்டி விடப்போறன். எண்ட கையால. நான் நகத்தினதை நானே கொண்டுபோய் வைக்கணும். இனி இந்தக் கரையில ஒரு ஆளும் பிழைக்கக் கூடாது. நீ இந்த நம்பரை இன்னொருக்காப் பாத்துச் செல்லு."

கடதாசியை விரித்தோம். நான் வாசித்தேன். அவர் திரையில் விரல் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

தனியாகப் போகச் சொன்னது மட்டும் நான். "ரெண்டு பேர் போனா அவங்களுக்குச் சந்தேகம் வரும் ஹாஜியார்" என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தமில்லாத ஆட்கள் சாவதை நான் விரும்புகிறவள் அல்ல. அறிவித்துவிட்டுப் போகலாமா என்று அவர் கேட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மிதக்கிற ஒரு கானுக்கு என்ன அனுமதி என்று கேட்டேன். அதுவும் சரி என்றார்.

இன்று காலை அவர் போகும்போது நானும் கரையில் நின்றேன். புதுக் கான், அதே நீல நிறம். உம்மா கிழித்துக் கொடுத்த சிவப்புச் சீலை. கல்லைத் தூக்கிப் போட்டில் வைக்க அவருக்குத் தனியே ஏலவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன். பட்டரி பார்த்தேன். நிறைய இருந்தது. பிறகு துறையடிக்குப் போய்ப் பாதைப் படகில் கடந்து, பஸ் ஏறி, நீங்கள் சொன்ன நேரத்துக்கு இந்த அலுவலகத்துக்கு வந்து, நீங்கள் காட்டிய மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

சுடுபடுவதற்கு முன்பே அவர் கானை இறக்கியிருப்பாரோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் அது உள்ளே இருநூற்றிருபது மீட்டரில் சிவப்புச் சீலையோடு மிதந்துகொண்டிருக்கும். நாளைக்குப் போகிறவர்கள் கருவியைப் பார்ப்பார்களா, கானைப் பார்ப்பார்களா தெரியாது. பழக்கம் கானில்தான். யாராவது ஓர் ஆள் அதை எடுத்துவிடுவார். அது சங்கத்தின் வேலை.

சற்று முன்பு துறைமுகப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நீங்களும் எழும்பி ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு, கல்லுடைக்கிற வெடியாக இருக்கும் என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். நான் பேனையை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது முடித்துவிட்டேன். உங்கள் அறிக்கையில் என் பெயருக்கு நேரே கொலை என்று எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். எழுத முன் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கடதாசியில் ஓர் எண்ணை நான் மாற்றவில்லை. கடலில் ஒரு கல்லை நான் நகர்த்தவில்லை. அமைப்பில் ஒரேயொரு வரியைத்தான் மாற்றினேன், ஐயா. சுட்டது நானா?